சம்பந்திக்குச் சனியைக் காட்டிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் கழுத்து வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கு என் மனைவி நலம், மகள் நலம், டெலஸ்கோப்பும் ஒரு கீறல்கூட இல்லாமல் நலம். என் நலத்தைப் பற்றி வீட்டில் யாரும் விசாரிக்காததால் எனக்கே சரியான தகவல் இல்லை.

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவன் நான். "தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது" என்று எழுதித்தான் பழக்கம், மன்னிப்புக் கேட்டு எழுதிப் பழக்கமில்லை. ஆகவே முன்னுக்குப் பின் முரணாக ஏதாவது வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியிலிருந்து தாங்கள் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனதிலிருந்து தங்களிடமிருந்து போன் இல்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. கிளினிக்குக்குச் செய்தால், டாக்டர் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார் என்று அங்கே போன் எடுக்கும் பெண் சொல்கிறாள். எத்தனை பெரிய பல்லாக இருந்தாலும் இத்தனை நாளா பிடுங்குவீர்கள்? கல்யாணத் தேதி பேச வேண்டிய சமயத்தில் இப்படி ஒரு மௌனம் விழுந்தால் பெண்ணைப் பெற்றவனுக்குச் சோறு எப்படி இறங்கும்?

எனவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வானத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது.

இரண்டு குடும்பமும் முதன்முதலில் எங்கள் வீட்டில் சந்தித்தபோது, உங்கள் பையனும் என் பெண்ணும் சோபாவின் இரண்டு மூலையில் உங்கள் கிளினிக்கில் முறைக்குக் காத்திருப்பவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ஜன்னலைப் பார்த்து, வானம் தெளிவாக இருக்கிறது என்றேன். துவைத்த துணி காயுமே என்ற எண்ணத்தில் சொன்னது. நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, வானத்தில் ஈடுபாடு உண்டோ என்று கேட்டீர்கள். "சின்ன வயசுலேர்ந்தே" என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்த ஒரு வார்த்தையை மாப்பிள்ளை மனதில் வைத்திருந்து, என் பிறந்தநாளுக்கு ஃப்ரிட்ஜ் அளவுக்கு ஒரு பெட்டியை அனுப்பிவைத்தார். தங்கமான பையன், அவர்மேல் தப்பில்லை.

உள்ளே டெலஸ்கோப்பும், அதைத் தானாகத் திருப்பும் கம்ப்யூட்டர் ஸ்டாண்டும், ஒயரோடு ஒரு ரிமோட்டும் இருந்தன. தேதி, நேரம், இருக்கும் இடம் மூன்றையும் ரிமோட்டில் போட வேண்டும். அது இரண்டு நட்சத்திரங்களின் பக்கமாகத் திரும்பும். அவற்றை நாம் நடுவில் கொண்டுவந்து பொத்தானை அழுத்திவிட்டால், அப்புறம் எந்தக் கிரகத்தின் பெயரைச் சொன்னாலும் தானே போய் நிற்கும். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லி 'நடுவில் கொண்டுவா' என்கிறது. எது அந்த நட்சத்திரம் என்று தெரிந்தால் நான் ஏன் ஐயா கம்ப்யூட்டரிடம் போகிறேன்? முதல் நாள் மாதம் இருக்க வேண்டிய இடத்தில் தேதியைப் போட்டுவிட்டு வியாழனைக் கேட்டேன். டெலஸ்கோப் மெதுவாகத் தலையைக் குனிந்து என் செருப்பைப் பார்த்தது. நான் போட்ட தேதிப்படி வியாழன் பூமிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும், மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது என்றாள் என் மகள். கூட வந்து உதவட்டுமா என்றும் கேட்டாள். மாப்பிள்ளை எனக்குத்தான் கொடுத்தார் என்று சொல்லி அவளைக் கீழே அனுப்பிவிட்டேன். எல்லாம் அங்கேதான் கெட்டது.

என் மனைவியும் எச்சரித்தாள். "முதல் தடவையா மாடிக்கு வர்ற சம்பந்திங்களுக்குச் சனியைத்தான் காட்டணுமா? வேற கிரகமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றாள். வளையம் உள்ளது அதற்குத்தான், உனக்கு விஞ்ஞானம் புரியாது என்றேன்.

ஞாயிறன்று இருட்டியதும், நீங்கள் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் மாடியில் அந்த இரண்டு நட்சத்திரங்களையும் பிடித்தேன். ஒன்று செல்போன் கோபுரத்தின் உச்சி விளக்கு, இன்னொன்று தெருமுனைக் கம்பத்து விளக்கு என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் ரிமோட்டில் 'வெற்றி' என்று எழுத்து ஓடியது. பணிக்காலம் முழுவதும் என்னை ஒருவரும் பாராட்டியதில்லை, நம்பிவிட்டேன்.

நீங்கள் எல்லோரும் மேலே வந்தீர்கள். சனி என்று அழுத்தினேன். கொர்ரென்று திரும்பி எதிர்க் கட்டடத்தின் பக்கமாக நின்றது. சனி இவ்வளவு கீழேயா இருக்கும் என்று சம்பந்தியம்மா கேட்டார். கொஞ்சம் தாழ்வாகத்தான் இருக்கும் என்றேன். குமிழைத் திருகத் திருக, வெள்ளைவெளேரென்று ஒரு வளையம் வந்து நின்றது. சம்பந்தியம்மா குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. "இத்தனை வருஷமா இது மேலயே இருந்திருக்கு, நாம பாக்கவே இல்லையே" என்றார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை. பிறகு நீங்கள் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பல்லைக் காப்பாற்ற முடியாது என்று நோயாளியிடம் சொல்வீர்களே, அந்தக் குரலில், "சம்பந்தி, சனி மேல ஒரு பல்லி போகுது" என்றீர்கள்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஏதாவது துணைக்கோளின் நிழலாக இருக்கும் என்றேன்.

"வால் ஆட்டுது" என்றீர்கள்.

அது எதிர்வீட்டு ஹாலின் கூரையில் மாட்டியிருந்த வட்ட டியூப்லைட். அந்த வீட்டு ட்யூஷன் டீச்சர் பால்கனிக்கு வந்து, எல்லோரும் வரிசையில் நின்று யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. "சனியை" என்றாள். அன்றிலிருந்து டீச்சர் எங்களோடு பேசுவதில்லை.

அந்த நேரம் பார்த்து பேட்டரி இறங்கிவிட்டது. பேட்டரி இறங்கினால் ஸ்டாண்ட் தன் இஷ்டத்துக்குச் சுற்றும் என்று விளக்கப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறது, கடைசிப் பக்கத்தை யார் ஐயா முதலில் படிக்கிறார்கள், அது சுற்ற ஆரம்பித்து, உங்கள் மூக்குக்கண்ணாடியின் கழுத்துக் கயிறு ரிமோட் ஒயரில் மாட்டி, நிறுத்துகிறேன் என்று நான் வேகத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தி, நீங்களும் கூடவே சுற்ற வேண்டியதாகிவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும். வேறு எவனாக இருந்தாலும் கத்தியிருப்பான். நீங்கள் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாயங்கால நடை போகிறவர்போல் சுற்றி வந்தீர்கள். இரண்டாவது தடவை என்னைத் தாண்டும்போது, "பேட்டரியைக் கழட்டுங்க" என்று மட்டும் சொன்னீர்கள். கழற்றியதும் என் மகள்தான்.

இதில் பிள்ளைகள் இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பொய் சொன்னவன் நான், சுற்றவிட்டவன் நான். என் மேல் உள்ள கோபத்தில் அவர்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். டெலஸ்கோப்பைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன், மாப்பிள்ளையிடமே திருப்பிக் கொடுக்கிறேன். இனி வானத்தை, மழை வருமா என்று பார்ப்பதற்குத் தவிர அண்ணாந்து பார்க்க மாட்டேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும் மாப்பிள்ளைக்கு என் ஆசியையும் சொல்லவும். பெரிய மனது பண்ணி ஒரு போன் செய்யவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி (என்று இன்னும் நம்புகிறவன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மகள் வந்தாள். "அப்பா, மாமா கோவத்துலல்லாம் இல்ல. அவரும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டார். தினமும் கிளினிக் மாடியிலதான் இருக்காராம். ஒண்ணுமே பிடிபடல, உங்ககிட்ட கேக்கக் கூச்சப்படறாராம்" என்றாள். ஆகவே, எனக்கு வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதில் தொடங்கி மேலே எழுதியவை அனைத்தும் இதனால் ரத்து செய்யப்படுகின்றன. வேறு நல்ல கடிதமாக எழுதுகிறேன் என்று சொன்னால், இதுவே போகட்டும் என்று என் மனைவி உறையோடு வாசலில் நிற்கிறாள். வேறு வழியில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வருகிறேன். யாரையும் மாடிக்குக் கூப்பிட வேண்டாம். நாம் இருவர் போதும்.