மன்னர் வாழ்க என்றால் திறக்கும் கதவுகள்

கதவபுரி நாட்டில் எழுநூறு ஆண்டுகளாகத் திருட்டே நடந்ததில்லை. கடைசியாக முயன்ற திருடன் ஒரு கதவின் முன் பதினேழு வருடம் உட்கார்ந்து பார்த்தான். திறக்கவில்லை. தாடி வளர்ந்தது, ஞானம் பிறந்தது, சீடர்களோடு மலையேறிப் போய்விட்டான். நம்பாதவர்கள் அந்தத் தாடியைப் போய்ப் பார்க்கலாம். அது இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நான்கு குருவிக் குடும்பங்கள் அதில் குடியிருக்கின்றன.

எல்லாம் அந்நாட்டுப் பூட்டுகளின் மகிமை. அவற்றுக்குச் சாவி கிடையாது, காது உண்டு. வீட்டுக்காரர் ஒரு சொல்லைப் பூட்டின் காதில் ஓதி வைப்பார். அதைக் கேட்டால் மட்டும் கதவு திறக்கும். ஓடக்காரி கோதைநாயகி ஓதி வைத்தது, ‘ஏகாம்பரம் இளைத்துவிட்டார்’ என்று. ஏகாம்பரம் எல்லைக் காவலில் இருந்த வீரர். தை மாதம் இருவருக்கும் கல்யாணம். நாற்பத்தேழு வயதில் முதன்முதலாகத் தனக்கு வந்த காதல் கடிதங்களை அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். தன் கண்ணைத் தவிர வேறு கண் அவற்றில் படக்கூடாது. அவ்வளவுதான் அவள் கவலை.

அதே கவலை அரசுக்கும் வந்தது. அங்கே பிடித்தது சனி.

இரகசியக் காப்பு அமைச்சர் ஆதிமூலர் அவையில் எழுந்தார். “குடிகளின் இரகசியங்களை நாம் காக்க வேண்டுமானால், அவை என்னென்ன என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டாமா?” என்றார். அவை கைதட்டியது. எல்லோரும் தத்தம் பூட்டுச்சொல்லை அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. பதிவு எழுத்தருக்குக் காது மந்தம். ஆகவே ஜனங்கள் இரகசியங்களைத் தொண்டை கிழியக் கத்திப் பதிந்தார்கள். வரிசையில் நின்ற நானூறு பேரும் நாகரிகமாகக் காதைப் பொத்திக்கொண்டு ஒன்றுவிடாமல் கேட்டார்கள்.

அந்த வாரமே நூறு வீடுகளில் பண்டபாத்திரம் காணாமல் போயிற்று. அமைச்சர் ஆராய்ந்தார். குற்றம் சொற்களின் மீதுதான் என்று கண்டார்: அவை பலவீனமாக இருக்கின்றன! இனி ஒவ்வொரு பூட்டுச்சொல்லிலும் ஒரு மலர், ஒரு நதி, ஒரு மிருகத்தின் குரல் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய பன்னிரண்டு சொற்களின் சாயலும் கூடாது. நாட்டில் பாதிப்பேர் சொல்லை மறந்து வாசலில் படுத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தம் வீட்டு வாசலில் மூன்று நாள் கனைத்தார், ஊளையிட்டார், கடைசியில் கொக்கரித்தும் பார்த்தார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது: அவர் வைத்தது தவளை.

ஜனங்கள் படும் பாட்டைக் கண்டு மன்னர் மனமிரங்கினார். நாடு முழுவதற்கும் ஒரே சொல், எவரும் மறக்க முடியாத சொல், மறந்தால் சிறை என்று அறிவித்தார். ‘மன்னர் வாழ்க.’

அடுத்த வெள்ளி மன்னரின் பிறந்தநாள். ஊர்வலத்தில் இரண்டு லட்சம் பேர் ஒரே குரலில் “மன்னர் வாழ்க!” என்றார்கள். நாட்டிலிருந்த கதவுகள் அத்தனையும் படாரென்று திறந்தன. சிறைக்கதவும் திறந்தது, கைதிகள் மரியாதைக்கு ஒருமுறை “வாழ்க” சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கோதைநாயகி ஓடத்தைக் கரையில் கட்டிவிட்டு ஓடி வந்தபோது, பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி கடிதக் கட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. கதவு தொறந்து கெடந்துச்சு. காத்துல பறந்துருமேன்னு எடுத்து வச்சேன்.”

“எடுத்தே, சரி. எதுக்குடி படிச்சே?”

“மடிக்கணும்ல? மடிக்கிறப்போ கண்ணுல படுது. ஆறாவது கடுதாசியில அவருக்கு முட்டி வலியாமே? பாவம்க்கா.”

கோதைநாயகி வாயைத் திறப்பதற்குள் வாசலில் குரல் கேட்டது. “முட்டிவலித் தைலம்மா! ஏகாம்பரம் ஐயா முட்டிக்குன்னே காய்ச்சுனது!” தொல்லை விட்டால் போதுமென்று ஒரு புட்டி வாங்கினாள். மறுநாள் பதினோரு தைலக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பத்தாவது கடிதத்தை எப்படியோ படித்துவிட்ட தொட்டில் வியாபாரி வெட்கத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த கடிதம் மறுநாள் காலை வரவிருந்தது. அதற்குள் சொல்லை மாற்றியாக வேண்டும். ஆனால், கதவு தவறாகத் திறந்ததை அமைச்சர் ஒப்புக்கொண்டால்தான் மாற்றலாம் என்பது சட்டம். நாட்டில் கதவு திறந்ததை நம்பாதவர் ஒரே ஒருவர். அவர்தான் அமைச்சர். “ஒரு கதவும் திறக்கவில்லை. திறந்ததாகத் தெரிந்தது மக்களின் கண்கோளாறு” என்று அறிக்கை விட்டு, ஊரெங்கும் இலவசக் கண் சிகிச்சை முகாமும் நடத்தினார்.

அன்று மாலையே கோதைநாயகி மனுவோடு அமைச்சர் வீட்டுக்குப் போனாள். பின்னால் தெருவே திரண்டு போனது. அமைச்சர் கொல்லைப்புறக் குளியலறையில் இருந்தார். அவர் துண்டு வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

“ஐயா, கதவு தொறந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“திறக்கவில்லை, அம்மணி!” உள்ளிருந்து கம்பீரமாகப் பதில் வந்தது. “நம் நாட்டுப் பூட்டுகள் அசைக்க முடியாதவை.”

“இந்தக் கதவுமாங்க?”

“இதுவும்தான்!”

“அப்போ நாங்க இங்கனயே நின்னு மன்னரை ஒரு வாட்டி வாழ்த்திட்டுப் போறோம்ங்க.”

உள்ளே செம்பு விழும் சத்தம் கேட்டது.

“வேண்டாம்! வாழ்த்தாதீர்கள்!”

கூட்டம் திகைத்தது. “என்னங்கய்யா இது!” என்றாள் பாப்பாத்தி. “மன்னரை வாழ்த்தக் கூடாதுன்னு அமைச்சரே சொல்றீங்க? இது ராஜதுரோகமில்ல?”

“ஐயையோ, அப்படிச் சொல்லலே! வாழ்த்தலாம்... தாராளமா வாழ்த்தலாம்... மனசுக்குள்ள வாழ்த்துங்கம்மா!”

“மனசுக்குள்ள வாழ்த்துனா மன்னருக்கு எப்படிங்க கேக்கும்?” கோதைநாயகி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடிங்க. ஒண்ணு... ரெண்டு...”

“திறந்துச்சு!” அமைச்சரின் குரல் கீச்சிட்டது. “எல்லாக் கதவும் திறந்துச்சு தாயே! என் கண்ணால பாத்தேன்! மனுவைக் கதவுக்கு அடியில தள்ளு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்!”