சிலைக்கு நாற்பது வருட மரியாதை

அலோன் துறைமுகத் தெருவில், சோவியத்து நாடு அந்தக் காலத்தில் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு தொழிலாளி சிலை நிற்கிறது. கொடுத்த நாடே இல்லாமல் போய் முப்பது வருடத்துக்கு மேலாகியும் அவர் சுத்தியலை இறக்கவில்லை. அவருடைய அகன்ற முதுகின் நிழலில்தான் நீலாம்பாள் மொகிங்கா விற்றாள். மீன் குழம்பில் மிதக்கும் அந்தச் சேமியா இல்லாமல் யாங்கூனில் எவருக்கும் பொழுது விடிவதில்லை.

திடீரென்று நினைவுச் சீரமைப்பு அலுவலகம் விழித்துக்கொண்டது. அன்பளிப்பைக் கொடுத்தவருக்கே திருப்பிவிடுவதென்று தீர்மானமாயிற்று. அந்த நாடு பதினைந்தாகப் பிரிந்துவிட்டதென்று ஒரு குமாஸ்தா மெல்லச் சொன்னார். அப்படியானால் சிலையையும் பதினைந்தாக அறுத்து அனுப்புவதே நியாயம் என்றார் மேலதிகாரி ஊ ஸோ தெய்ன். மூக்கு எந்த நாட்டுக்கு என்பதில் மட்டும் கோப்பு கொஞ்சம் தாமதப்பட்டது.

நீலாம்பாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நிழல் போனால் கடை போகும். கடை போனால் மகள் விஜயகுமாரியின் படிப்பும் போகும். சாப்பிட வந்தவர்களையெல்லாம் போராட்டத்தில் சேர்த்தாள். கூட்டம் கூடினால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதால் நாலு நாலு பேராக, கிண்ணமும் கையுமாகப் போராடினார்கள். ஐந்தாவது ஆள் வந்தால் முதலாள் அவசரமாக விழுங்கிவிட்டு வரலாற்றிலிருந்து விலகிக்கொள்வார்.

ஊ ஸோ தெய்ன் விசாரணைக்கு வந்த அன்று, கடை கண்ணில் படாதிருக்க அடுப்பைத் தூக்கிப் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியில் ஒளித்தார்கள். சிலையைப் பற்றி மக்களுக்கு வரலாற்று நினைவு ஏதும் உண்டா என்று கேட்டார் அவர். நிழல் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.

"இருக்கு ஸயா. நாப்பது வருஷமா மரியாதை பண்றோம்," என்றாள் நீலாம்பாள். "இதுக்குப் பக்கத்திலே ஒரு சட்டி வச்சிருப்போமா? செருப்போடகூட வரமாட்டோம்."

தினமும் இரண்டு கிண்ணம் காலி செய்கிற கிட்டங்கிக்காரர் மீரா முகைதீன், சட்டியைக் கண்ணாலும் கண்டதில்லையென்று கையெழுத்துப் போட்டார். தெருவே தலையாட்டியது. அதிகாரி கண் கலங்கி, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். சிலை பிழைத்தது.

பத்தாம் நாள் சிலையைச் சுற்றி வேலி வந்தது, பலகையும் வந்தது. விஜயகுமாரி படித்துச் சொன்னாள். இத்தெரு மக்கள் நாற்பது ஆண்டுகளாகப் பேணிவரும் மரபை மதித்து, ஐம்பது அடிக்குள் சட்டியும் செருப்பும் தடை.

நீலாம்பாள் அலுவலகத்துக்கு ஓடி, இருபது வருடமாக அங்கேதான் கடை போட்டிருப்பதாக உண்மையைக் கக்கினாள். ஊ ஸோ தெய்ன் கோப்பைப் புரட்டினார்.

"டோ நீலாம்பாள், அப்படி ஒரு கடை வரலாற்றில் இல்லையே," என்றார், பர்மிய மரியாதை அடைமொழி குறையாமல்.

மரபுக் காப்புக் குழுவின் புதிய தலைவராக மீரா முகைதீன் அங்கேயே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

"மீரா பாய், நீங்களாவது சொல்லுங்க. என் மொகிங்காவைத் தினம் சாப்பிட்டீங்களே."

பொய்ச் சாட்சிக்கு ஆறு மாதம் சிறை என்று, தாம் கையெழுத்துப் போட்ட படிவத்தின் அடியில் அச்சிட்டிருந்ததை அவர் ஒருமுறை நிதானமாகப் படித்தார்.

"மொகிங்கான்னா என்ன தங்கச்சி?" என்றார்.