மாடியிலிருந்து இறங்கிய தாளம்

கரமனை, திருவனந்தபுரம்
சனிக்கிழமை

சிரஞ்சீவி சுமந்துக்கு மாமா வெங்கடகிருஷ்ணனின் ஆசிகள். இங்கே மாமியின் முழங்காலைத் தவிர அனைவரும் சௌக்கியம். பெங்களூரில் உன்னுடைய சௌக்கியத்துக்கும் உன் கம்ப்யூட்டர்களின் சௌக்கியத்துக்கும் எழுதவும்.

ஆபரேஷன் முடிந்த மாமியை நாற்காலியோடு தூக்கி மாடி அறையில் விட்டோம். பாட்டு வகுப்போ கீழே கூடத்தில். ஏழு பிள்ளைகளும் வேறு இடம் போய்விடுவார்களோ என்று அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போனில் நடத்தலாமென்றால், "அதுல என் ஸ்ருதி கொசு மாதிரின்னா இருக்கு" என்கிறாள். எனவே நீ லினக்ஸ் போட்டுக்கொடுத்த பழைய லாப்டாப்பை மாடியில் வைத்து, மைக்கைச் செருகி, அந்தச் சத்தத்தை வீட்டு நெட்வொர்க் வழியாகக் கீழேயுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, பெரிய ஸ்பீக்கரில் பாட வைக்கத் துணிந்தேன். முதல் நாள் மௌனம். விண்டோஸ் 'உள்ளே விடலாமா?' என்று கேட்டிருக்கிறது. முன்பின் தெரியாதவனை எப்படி விடுவது என்று நான் 'வேண்டாம்' அழுத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஹரிகுமார் வந்து, "சாரே, அது நம்மடெ மாமியாணு!" என்று அனுமதி கொடுத்தார்.

மறுநாள் சத்தம் வந்தது, இரண்டு விநாடி தாமதமாக. மாமி மாடியிலிருந்து, "ஏண்டி அஜிதா, தாளம் எங்கடி போறது?" என்று அதட்ட, அந்தப் பெண் படிக்கட்டடியில் நின்று, "இப்பத்தான் மாமி கீழ வந்து சேர்ந்துது!" என்று கத்தினாள். வை-ஃபையை விட்டுவிட்டுப் படிக்கட்டுக் கைப்பிடியோடு ஒயர் இழுத்தேன். புரோகிராம் சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் நேரத்தையும் குறைத்தேன். தாளம் கையோடு வந்துவிட்டது!

நேற்று வகுப்பு முடிந்ததும் மாமி மைக்கை அணைக்காமல் உன் அம்மாவுக்கு போன் போட்டாள். "இந்த மனுஷருக்கு ஃபேன் சுவிட்சே தெரியாது. ஆனா எனக்காக நாலு நாளா மாடிக்கும் கீழுக்குமா அலையறார், பாவம்" என்று ஸ்பீக்கர் கூடம் முழுக்க முழங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் ஸ்பீக்கரைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன். நாற்பது வருஷத்தில் அவள் இதை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

இனி வகுப்புக்குக் கவலையில்லை. நீ லீவு போட்டு வரவேண்டாம். நீயும் உன் அகத்தில் எல்லோரும் நூறாண்டு நன்றாயிருங்கள்.

இப்படிக்கு,
வெங்கடகிருஷ்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இன்றைய வகுப்பு. மோகன ராகத்தில் இல்லாத நிஷாதம் ஒன்றை அஜிதா நுழைத்தாள். ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாயிற்று. நான் ஒயரை ஆட்டிக்கொண்டிருந்தபோது முதுகுப்பக்கம், "செத்த நகருங்கோ" என்று குரல். மாமி! கைப்பிடியைப் பிடித்தபடி கடைசிப் படியில் நிற்கிறாள். பதறி டாக்டருக்கு போன் செய்தால், மெதுவாகப் படியிறங்கலாம் என்று போன வாரமே என்னிடம் சொன்னாராம்; நான்தான் காதில் வாங்கவில்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன்.