யட்டியாந்தோட்டை ஒளிவட்டம்

யட்டியாந்தோட்டையில் யார் தலைக்குப் பின்னால் வெளிச்சம் வர வேண்டும் என்பதைக் கடவுள் தீர்மானித்ததே இல்லை. கடைவீதியில் பேனர் அடிக்கிற ஒரு மனிதர்தான் தீர்மானித்தார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கே அவர் ‘ஒளிவட்டம்’.

பூப்புனித நீராட்டு, மரண அறிவித்தல், கோழிக்கடைத் திறப்பு, எதுவானாலும் படத்தில் தலைக்குப் பின்னால் ஒரு வட்டம் போட்டுவிடுவார். கோழிக்கும் போட்டிருக்கிறார். ஏன் என்று ஒருநாள் கேட்டு மாட்டிக்கொண்டேன்.

“அம்மனுக்குப் பின்னால இருந்தா திருவாசி, தம்பி. நெலாவச் சுத்தி இருந்தா பரிவேடம், மழ வரும். புத்தருக்கு இருந்தா சிங்களத்துல ரெஸ் வலல்ல. தலைவருக்கு இருந்தா எலக்சன் வரும். வட்டம் ஒண்ணுதான், ஆளுக்குத் தகுந்தாப்ல பேரு மாறும்.”

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, வரிசை வீடுகளாக இருந்த ஒரு லயம் புதைந்தது. புது வீடு தருவதாகச் சொன்ன கட்சித் தலைவர் வந்து அடிக்கல் நாட்டினார். அடுத்த வருடமும் வந்து நாட்டினார். கல்தான் பெருகியது. மூன்றாவது கல்லுக்குப் பேனர் சொல்ல வந்த செயலாளர், “இந்தத் தடவ ஒளிவட்டம் இன்னும் பெருசா இருக்கணும்” என்றார்.

பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் தலைவருக்குப் பின்னால் இல்லை. அவருக்கு மாலை போட்டபடி படத்தின் ஓரத்தில் நின்ற ராக்காயி அக்காவுக்குப் பின்னால் இருந்தது. மண் சரிந்த அன்று, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவிலிருந்து ஐந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர் அவர்.

விழா மேடையில் பேனரைப் பார்த்த செயலாளர் அலறினார். “யோவ், தலைவருக்கு எங்கய்யா?”

“ரெண்டு தடவ போட்டுப் பாத்தேங்க. வீடு வரல. அதான் வேற ஆளுக்குப் போட்டேன்.”

ராக்காயி அக்காவுக்கும் கோபம். “ஐயோ, எந்தலைக்குப் பின்னால எதுக்கு ரொட்டிச்சட்டிய வச்சிருக்கான்?”

கழற்ற நேரமில்லை, தலைவரின் வாகனம் வந்துவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் பேனருக்கு முன்னால் சூடம் கொளுத்தினார்கள். தனக்கென்று நினைத்துத் தலைவர் உருகிக் கும்பிட்டார்.

வீடு இன்னும் வரவில்லை. ஒளிவட்டத்துக்கு அதன்பிறகு எந்தக் கட்சியும் வேலை கொடுக்கவில்லை. இப்போது அடையாள அட்டைப் படம் மட்டும் எடுக்கிறார்.

“வருத்தமா அண்ணே?”

“என்னா வருத்தம்? கட்சிக்காரன் மூஞ்சியப் பாத்துப் பாத்துக் கண்ணு வலிச்சுது. இப்ப வலி இல்ல.”

போன மாதம் அவருக்குக் காய்ச்சல். மூன்று நாள் கடை திறக்கவில்லை. எனக்குக் கடைவீதியில் ஒரு வேலையும் கிடையாது. மூன்று நாளும் போய், அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.