சந்தேகம் சாரும் காலி மாத்திரை அட்டைகளும்

தன்னை யாராவது பாராட்டினால் உடனே துப்பறியக் கிளம்பிவிடுகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். கள்ளக்குறிச்சியில் டீக்கடையிலிருந்து மருந்துக்கடைவரை அவருக்குப் பெயர் சந்தேகம் சார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு யாரு சொன்னது?" என்பார்.

சின்னசேலத்துக்காரர். வலிப்பு நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்த டாக்டர். வெளிநாட்டில் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு வந்து, ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்திருந்தார். கல்வராயன் மலை ஊர்களில் வலிப்பு இருப்பவர்களைத் தேடிப்பிடித்து, மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதுதான் திட்டம். ஓர் உரக்கடைக்கு மேலே அலுவலகம். யூரியா வாசனையில் உட்கார்ந்துதான் உலகத்தரமான ஆராய்ச்சி நடந்தது. கணினியில் விவரம் ஏற்ற, கூடப் போக, திட்டு வாங்க என்று மூன்று வேலைக்கும் ஒரே ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நேர்முகத் தேர்வில் அவர் கேட்டது இவ்வளவுதான். "எந்த ஊரு?" தியாகதுருகம் என்றேன். சான்றிதழ்களைப் புரட்டியபடியே, "உங்க ஊரு மலை மேல இன்னா இருக்கு?" என்றார். கோட்டை என்றேன். கிளம்பி வாசலுக்கு வந்தபிறகு கூப்பிட்டு, "இப்ப வூட்டுக்கு எந்த பஸ்ல போவ?" என்றார். மூன்றும் ஒத்துப்போனதால் வேலை கிடைத்தது.

ஒரே விஷயத்தை மூன்று விதமாகக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆராய்ச்சி முறை. அதை ஆராய்ச்சியோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரம்மாவிடம், இன்றைக்குப் பறித்ததா, எந்த ஊர்க் காய், காலையில் எத்தனை மணிக்கு பஸ் ஏறினாய் என்று ஆரம்பித்தார். அந்தம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு, "காய் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா சார்?" என்றார். இவர் அசரவில்லை. அதற்கு என்ன பதில் சொன்னால் என்ன விலை சொல்வார் என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

மலைக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே எல்லோரும் இவரைச் சந்தேகப்பட்டார்கள். பன்றி வழியாகப் பரவும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை சாப்பாட்டோடு உள்ளே போனால் சிலருக்கு வலிப்பு வரும் என்பதால், இவர் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்ப்பார். ஜீப்பில் வந்து இறங்கி, கொல்லைப்பக்கம் போய், பானையைத் திறந்து பார்க்கிற ஆளை ஊர் என்னவென்று நினைக்கும்? சாராயம் பிடிக்க வந்த மஃப்டி போலீஸ் என்று பாதிப்பேர் சொன்னார்கள். பன்றிக்கு வரி போட வந்தவர் என்று மீதிப்பேர். இரண்டு கட்சிக்கும் பொதுவாக, அவர் எது கேட்டாலும் "எல்லாம் நல்லபடியா இருக்கு சார்" என்ற ஒரே பதில்தான்.

இந்தச் சமயத்தில்தான் அவர் எழுதிய ஒரு கட்டுரை உலகப் புகழ் பெற்றுவிட்டது. மலைமக்களுக்கு வீடு தேடிப் போய் மாத்திரை கொடுத்து, காலி அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த மாத மாத்திரை என்று ஒரு விதி வைத்தால், ஒருநாள் தவறாமல் முழுங்குகிறார்கள் என்பது அதன் சாரம். வந்த அட்டையெல்லாம் சுத்தமாகக் காலியாக இருந்தது அதற்கு ஆதாரம். பல தேசத்து ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்ட ஆரம்பித்தார்கள். மேற்கோள் கூடக் கூட ஆராய்ச்சியாளருக்கு மதிப்பு கூடும், பதவி கூடும், திட்டத்துக்குப் பணம் வரும். இதை நான் எங்கள் ஜீப் டிரைவர் ஏழுமலைக்கு விளக்கினேன்.

"மொய் மாதிரியா?" என்றார் ஏழுமலை. "அவரு நமக்கு எழுதினா நாம அவருக்குத் திருப்பி எழுதணுமா?"

முன் சீட்டில் இருந்த சார் திரும்பினார். "அதான்யா எனக்கும் புரியல. இவனுங்க யாருக்கும் நான் எழுதல. இவனுங்க ஏன் எனக்கு எழுதறானுங்க?"

அன்றிலிருந்து காலையில் வந்ததும் செல்போனில் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்ப்பார். கூடியிருந்தால் முகம் சுருங்கும். மேற்கோள் காட்டியவருக்கு, என் கட்டுரையில் எந்தப் பக்கம் படித்தீர்கள் என்று கேட்டு மின்னஞ்சல் போடுவார். பிரேசில்காரர் ஒருவர் மட்டும், நான் உங்கள் கட்டுரையைப் படிக்கவில்லை, இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுத்துப் போட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். சார் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் மசால் வடை வாங்கிக் கொடுத்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

பிறகு சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இந்த முறையை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோகப் போகிறோம், நீங்கள்தான் தலைமை என்றார்கள். வேறு யாராக இருந்தாலும் இனிப்பு வாங்க ஓடியிருப்பார்கள். இவர் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக உரமூட்டை இறங்குவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் டாக்டரு. எனக்கு பிரஷர் மாத்திரை இருக்கு. நானே வாரத்துல ரெண்டு நாளு மறந்துடறேன். மலையில அத்தினி பேரும் ஒருத்தன்கூட மறக்காம எப்படி முழுங்கறான்? நாளைக்கே வண்டிய எடுக்கச் சொல்லு."

மாத்திரை கொடுக்கும் நாள் அல்லாத ஒரு நாளில், சொல்லாமல் கொள்ளாமல் மலைமேல் கரியாலூர் போய் இறங்கினோம். இறங்கிய இடத்திலேயே, மளிகைக்கடை முன்னால் கூட்டம். உள்ளே எட்டிப் பார்த்தால் தரையில் சின்னப்பொண்ணு என்கிற பெண்மணி. கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. எங்கள் திட்டத்தின் முதல் நோயாளி. அவர் கொடுக்கும் காலி அட்டையை மற்றவர்களுக்குக் காட்டி, இப்படி இருக்க வேண்டும் என்று நாங்களே பெருமை பேசியிருக்கிறோம்.

"இரும்பு குடுங்க, கையில இரும்பு குடுங்க" என்று நாலாபக்கமும் குரல். கடைக்காரர் எடைக்கல்லோடு ஓடி வந்தார். ஒருவர் கொடுவாளே கொண்டு வந்துவிட்டார். எல்லோரையும் முந்திக்கொண்டு, சின்னப்பொண்ணு கையில் இரும்பைத் திணித்தது யார் என்று பார்த்தால், எங்கள் ஏழுமலை. வீடு வீடாகப் போய், இரும்பு கொடுக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று எங்களோடு சேர்ந்து பிரசாரம் செய்தவர். திணித்தது ஜீப் சாவியை.

சார் கீழே உட்கார்ந்து சின்னப்பொண்ணுவை ஒருக்களித்துத் திருப்பி, தன் துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார். பிறகு நிதானமாக, "ஏழுமலை, இதெல்லாம் கூடாதுன்னு நாமதான சொல்லிக்கினு வரோம்" என்றார்.

"தெரியும் சார். கை தானா போயிடுச்சி."

கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. சின்னப்பொண்ணு அசந்து தூங்கிவிட்டார். சாவி அவர் பிடியில். அதை எடுக்கக் கூடாது என்று கூட்டம் எங்களைத் தடுத்தது. ஆராய்ச்சிக் குழு முழுவதும் ஊருக்குள் சிறைப்பட்டு, கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சின்னப்பொண்ணு எழுந்து, தண்ணீர் குடித்து, கையைப் பார்த்து, "இது யாருது?" என்று சாவியை நீட்டும்வரை காத்திருந்தார் சார். அப்புறம் தன் வேலையை ஆரம்பித்தார்.

"மாத்திரை போடறியாம்மா?"

"போடறேன் சார்."

"போன தபா குடுத்த அட்டை காலிதான?"

"காலி சார். அன்னிக்கே குடுத்தேனே."

"நேத்து எப்ப போட்ட?"

சின்னப்பொண்ணு யோசித்தார். "நேத்து போடற நாளு இல்ல சார்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "போடற நாளுன்னு தனியா இருக்கா?"

"ஒரு நாளு வுட்டு ஒரு நாளு சார்." தயங்கித் தயங்கி எதிரிலிருந்த தன் வீட்டுக்குள் போய், ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். கழுத்துவரை மாத்திரை. "அட்டை காலியா இருந்தாதான் அடுத்தது குடுப்பீங்க. அதான் உரிச்சி இதுல போட்டுட்டு அட்டைய குடுத்துடறேன்."

"எதுக்கும்மா சேத்து வைக்கிற?"

"நீங்க வராம பூடுவீங்க சார்." கோபமோ குறையோ இல்லாமல், மழை வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். "தேனீ வளக்கறதுக்குன்னு ஒருத்தரு ஜீப்புல வந்தாரு. தையல் மிசினு சொல்லிக் குடுக்க ஒரு அம்மா வந்தாங்க. எல்லாம் நல்ல மனுசங்கதான். ஒரு நாளு பாத்தா வரல. நீங்களும் ஒரு நாளு வர மாட்டீங்க. அன்னிக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

கூட்டத்தில் ஒருவர், "எங்க வூட்லயும் இருக்கு சார்" என்றார், ஏதோ நகை வைத்திருப்பவர் மாதிரி. இன்னொருவரும் சொன்னார். பாட்டில், தூக்குச்சட்டி, பவுடர் டப்பா என்று பெஞ்சில் வந்து நிறைந்தன. உலகமே மேற்கோள் காட்டிய கட்டுரை அந்த பெஞ்சில் கிடந்தது.

சார் முகத்தைப் பார்த்தால், அதில் மரியாதை. ஆயுள் முழுக்க ஊரையே சந்தேகப்பட்டவரை இவ்வளவு தெளிவாக யாரும் திருப்பிச் சந்தேகப்பட்டதில்லை.

இறங்கும் வழியில் கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் ஏழுமலைதான், "வுடுங்க சார். நாம சொல்லாட்டி மெட்ராஸ்ல யாருக்குத் தெரியப் போவுது" என்றார். "எனக்குத் தெரிஞ்சிடுச்சேயா" என்றார் சார்.

மறுநாளே, கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதிவிட்டார். என் முடிவு தவறு, அட்டை காலியானது, மாத்திரை பாதிதான் வயிற்றுக்குப் போயிருக்கிறது, தயவுசெய்து இந்தக் கட்டுரையை நம்பாதீர்கள் என்று. தலைமை அலுவலகம் போனில் கொதித்தது. "உங்களை யாராவது கேட்டாங்களா டாக்டர்?" இவர், "யாரும் கேக்கலைங்க. அதனாலதான் நானே கேட்டுக்கினேன்" என்றார். தலைமைப் பதவி போயிற்று. அடுத்து திட்டம் போயிற்று. ஜீப்பையும் எடுத்துக்கொண்டார்கள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், தவறான அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவது மட்டும் நிற்கவில்லை. திருத்தத்தை யாரும் சீண்டவில்லை. "எழுதினவன் நானே தப்புன்றேன், இவனுங்க ஒத்துக்க மாட்டேன்றானுங்க" என்று ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் போட்டபடி இருந்தார்.

அலுவலகத்தைக் காலி செய்த அன்று நான் தாங்காமல் கேட்டுவிட்டேன். "அவங்க சந்தேகப்பட்ட மாதிரியே ஆயிடுச்சே சார். இனிமே நாம மலைக்குப் போக மாட்டோம்."

அவர் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, "கரியாலூருக்கு பஸ் எத்தினி மணிக்கு?" என்றார்.

அடுத்த மாதம் பஸ்ஸில் போனார். அதற்கடுத்த மாதமும் போனார். மலையிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரை தீராமல் இருக்க, அங்கே போய் உட்கார்ந்து கேள்வி கேட்டுக் கேட்டு அவர்களை ஒரு வழி பண்ணினார். ஜீப்பில்லை, சம்பளமில்லை, இன்னாத்துக்கு வராரு என்று ஊரில் புதிய சந்தேகம் கிளம்பியது. நிலம் வாங்கப் போகிறார் என்றார்கள். அருவிப் பக்கம் லாட்ஜ் கட்டப் போகிறார் என்றார்கள். இப்படியே வருடங்கள் ஓடின. ஒரு கோடையில் சின்னப்பொண்ணு, மாத்திரை சேர்த்து வைத்திருந்த அந்தப் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார். உள்ளே மாங்காய் ஊறுகாய். வலிப்பு வந்தே வெகுகாலம் ஆயிற்றாம்.

போன மாதம் அவருக்கு நெஞ்சு வலி என்று கேள்விப்பட்டு சின்னசேலம் போயிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தார். மலைக்குப் போகவில்லையே என்றுதான் புலம்பல். "முடிஞ்சிடுச்சிய்யா. வரமாட்டான்னு அவங்க சொன்னது சரியா பூடுச்சி. இந்நேரம் மறுபடியும் சேத்து வைக்க ஆரம்பிச்சிருப்பாங்க." அப்போது வாசலில் செருப்புச் சத்தம். சின்னப்பொண்ணுவும், கூட நாலைந்து பேரும். கையில் ஒரு பலாப்பழம். இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து வந்திருந்தார்கள்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாத்துக்கு இம்மாந் தூரம் வந்தீங்க?"

"நீங்க வரல. வரலன்னா உடம்பு சரியில்லன்னுதான அர்த்தம்" என்றார் சின்னப்பொண்ணு. சுற்றிலும் பார்த்தார். மேசைமேல் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பினார். "இன்னிக்குப் போட்டீங்களா சார்?"

"போட்டேம்மா."

"எங்க, என் எதுருல ஒண்ணு போடுங்க."

சார் அன்றைக்கும் மறந்திருந்தார்; அசடு வழிய என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். அவர் முழுங்கி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். இந்த மனிதர் இன்னும் ரொம்ப நாள் இருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். இதை எழுதும்போதும் அதையேதான் நினைக்கிறேன்.