தீப்பீப்பாயில் குளித்த கிராணி

உடம்பைச் சுத்தமாக வைத்திருப்பவன் மனதையும் சுத்தமாக வைத்திருப்பான் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். என் வாழ்க்கையிலேயே நான் மிகச் சுத்தமாக இருந்தது ஒரு மூன்று வாரம். என் வாழ்க்கையின் மிகக் கேவலமான காரியத்தைச் செய்ததும் அதே மூன்று வாரத்தில்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில் பத்தாங் காலிக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. அம்மா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், அதாவது மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் நான். (அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் என்பதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.)

பிப்ரவரி பிறந்தால் ரப்பர் மரங்கள் இலைகளையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். மழை எட்டிப் பார்க்காது. காலை பத்து மணிக்கு மேல் மலைப்பக்கமிருந்து ஒரு வெதுவெதுப்பான காற்று இறங்கும். தரையெல்லாம் கணுக்கால் மறையும் அளவுக்குச் சருகு, மிதித்தால் அப்பளமாக நொறுங்கும். அணைக்காத ஒரு சுருட்டுத் துண்டு போதும், தோட்டமே போய்விடும். அதனால் நிரைகளுக்கு நடுவே பத்தடி அகலத்துக்குச் சருகைப் பெருக்கி வெறும் மண்ணாக வைத்திருப்பார்கள். காலையில் பெருக்குவோம். மத்தியானம் காற்று வந்து மறுபடியும் கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் காலையில் பெருக்குவோம். இப்படியே ஒன்றரை மாதம். அந்தக் காற்றுக்குச் சம்பளம் இல்லை, லீவும் இல்லை. எங்களுக்குத்தான் இடுப்பு விட்டுப்போனது.

ஆள் பற்றாக்குறையால் கிராணியான என் கையிலும் ஒரு விளக்குமாறு வந்து சேர்ந்தது. வெள்ளைச் சட்டை பழுப்பானது. கழுத்தைத் தேய்த்தால் மண் உருண்டது. நாங்கள் குடியிருந்த லயத்துக் குழாயில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் தண்ணீர். அதற்கு முப்பது வாளி வரிசையில் நிற்கும். அப்போதுதான் அந்த மூன்று பீப்பாய்கள் என் கண்ணில் பட்டன.

பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால், சிவப்புச் சாயம் அடித்த மூன்று தகரப் பீப்பாய்கள். தீப்பிடித்தால் அணைப்பதற்காக விளிம்புவரை தண்ணீர். பக்கத்தில் சாக்குகள் அடுக்கியிருக்கும். அவற்றுக்குப் பொறுப்பு, எங்கள் கங்காணியான முனியாண்டி மண்டோர். மாதம் பிறந்ததும் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பி, மூடி போட்டு, மேலே கல்லும் வைத்துவிட்டுப் போவார்.

தினமும் பால் நிறுக்கப் பதினொரு மணிக்கு நான் அங்கே போவேன். வெட்டுக்காரர்கள் வந்து சேர இன்னும் அரை மணி ஆகும். முதல் நாள் முகம் மட்டும்தான் கழுவினேன். இரண்டாம் நாள் கை, கால். மூன்றாம் நாள் பையில் வாசனைச் சோப்போடு போனேன். ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தால், சோப்புக் கையோடே மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டேன். ஆகா! மழை வந்ததும் மூடியை எடுத்துவிட்டால் தானாக நிரம்பிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். (மழை வந்தால் தீயே பிடிக்காது என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.) முதல் பீப்பாய் தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்தது. மூன்றாவது பாதி தாண்டியிருந்தது.

“என்னா தம்பி, ஆபீஸ் காத்து பட்டதும் மினுமினுன்னு ஆயிட்டே!” என்று முனியாண்டி மண்டோரே ஒருநாள் என்னைப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

அந்த மாத முடிவில் ஒருநாள், வெட்டுக்காரர்கள் பால் வாளிகளோடு கொட்டகைக்கு வந்து சேர்ந்த நேரம், மேட்டுப்பக்கம் புகை கிளம்பியது. பொறி எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது. காற்று அதை இளங்கன்றுகள் நட்டிருந்த பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. நெருப்பு உயரமில்லை, முழங்கால் அளவுதான். ஆனால் நாங்கள் நடப்பதைவிட வேகமாக வந்தது.

“சாக்க நனைங்க! சாக்க நனைங்க!” என்று மண்டோர் கத்தினார்.

முதல் பீப்பாயின் மூடியைத் திறந்தார்கள். உள்ளே விட்ட சாக்கு அடித்தகரத்தில் போய் இடித்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கொஞ்சம் நனைந்தது, கூடவே நுரையும் வந்தது. அந்தக் கலவரத்திலும் ஒரு அக்காள் மூக்கைச் சுளித்து, “என்னாங்கடி, கல்யாண வீட்டு வாசன வருது?” என்றார். நான் மேட்டைப் பார்த்தபடி நின்றேன்.

யாரும் எதிர்பார்க்காமல் அம்மா தன் வாளியைத் தூக்கினார். இலையுதிர் காலத்தில் பால் குறைவாகத்தான் வரும். விடிவதற்கு முன்னே எழுந்து வெட்டி, சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பால் அது. அதில் சாக்கை முக்கினார்.

“பாலும் தண்ணிதானே. முக்குங்கடி!”

அத்தனை பேரும் முக்கினார்கள். வெள்ளை வெளேரென்ற சாக்குகளால் தீயை அடித்தோம். நானும் அடித்தேன், பெரும்பாலும் என் காலில் கிடந்த சொந்தச் சப்பாத்தையே. பால் தெறித்து, என் தலைமுடி, புருவம், புது மீசை எல்லாம் ஒட்டிக்கொண்டன. கருகிய ரப்பரின் நாற்றம் நெஞ்சை அடைத்தது. பெருக்கி வைத்திருந்த வெறும் மண்ணுக்கு வந்து தீ ஒருவழியாகச் செத்தது. நாலு நிரை கருகியது. கன்றுகள் தப்பின. ஒரு நாள் பால் முழுக்கப் போனது.

தோட்ட மேனேஜரான துரை ஜீப்பில் வந்து இறங்கினார். மலாய்க்காரர், அதிகம் பேச மாட்டார். மூன்று பீப்பாய்களையும் எட்டிப் பார்த்தார்.

“வெயில்ல வத்திப் போச்சு துவான்” என்றார் மண்டோர். துரையை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

துரை கையை உள்ளே விட்டு, நுரையை எடுத்து முகர்ந்து பார்த்தார். “சியாப்பா மண்டி சினி?” என்று கேட்டார். யார் இங்கே குளித்தது?

துரை மண்டோரைப் பார்த்து, பீப்பாய்க்குப் பொறுப்பு நீதான், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். மண்டோருக்கு ஐந்து பிள்ளைகள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டும். இதோ சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். துரை முதலில் ஜீப்பில் ஏறட்டும், பிறகு தனியாக ஆபீசில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்குக்கூடச் சொல்லலாம் என்று நினைத்தேன். இதையெல்லாம் வரிசையாக நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

அம்மா என் காதைப் பிடித்து முன்னால் இழுத்தார். (பால் காய்ந்திருந்ததால் நல்ல பிடிமானம்.)

“இவன்தான் துவான். அனாக் சாயா. எம் மவன்தான் மண்டி.”

மண்டோருக்கு வேலை நிலைத்தது. எனக்கு நாற்காலி போனது. முதல் மழை விழும்வரை ஆற்றிலிருந்து தோளில் கம்பு வைத்து இரண்டிரண்டு வாளியாகச் சுமந்து, மூன்று பீப்பாய்களையும் நான் நிரப்ப வேண்டும் என்று தீர்ப்பு. தலையில் ஒட்டிய ரப்பர் எதற்கும் அசையாததால் மொட்டை அடித்தார்கள். மரங்களும் மொட்டை, நானும் மொட்டை. பார்த்தவர்களெல்லாம் எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று விசாரித்தார்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கோபமாகக் கேட்டேன், “பெத்த புள்ளய நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்களே?”

அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, விரலிடுக்கில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டிருந்தார். “ஒன் சோப்பு வாசன எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லல. எவ்ளோ நேரம்டா நிக்கறது? கால் வலிக்குதில்ல?” என்றார். அதில் கோபம் இல்லை, வெறும் களைப்புதான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கேயே வீடு, கல்யாணம், பிள்ளைகள். கல்யாணத்துக்கு வந்த முனியாண்டி மண்டோர், ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு பெட்டியை என் கையில் கொடுத்து, காதோடு, “பைப்புத் தண்ணில குளிங்க தம்பி” என்றார். பிரித்தால் ஒரு டஜன் சோப்பு. என் மனைவி விவரம் கேட்டாள். நான் மழுப்பினேன். அம்மா ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கண்ணாடிக் குவளை உடைந்தாலும், குளிர்பெட்டியில் இருந்த கேக் காணாமல் போனாலும், கேள்வி ஒன்றுதான். “சியாப்பா மண்டி?” என்று மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். உடனே நான் கையைத் தூக்கிவிடுவேன். பாதி நேரம் அது நான் செய்ததாகவே இருக்காது. பிள்ளைகள் செய்திருப்பார்கள், பூனை செய்திருக்கும். இருந்தாலும் கை தானாக எழும்பிவிடும்.

போன வாரமும் அப்படித்தான் தூக்கினேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

“அன்னிக்கி எங்கடா போச்சு இந்தக் கை?”