எருமைக்கடா மேல் ஒரு புகார்

போன தவக்காலத்தில், மூன்றாம் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து கஞ்சிக்கு வரிசையில் நிற்கையில், இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் பங்கைச் சேர்ந்த மிக்கேல் ராயப்பன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பிள்ளை. சிரிக்காமல்தான் சொன்னான், கேட்டவர்கள்தான் கஞ்சியைச் சிந்தினோம்.

ஒரு காட்டில் ஓர் ஆம்புலன்ஸ் வண்டி இருந்தது. மேலே ஓலைக் கூரை, முன்னால் வெண்கல மணி. வண்டிக்குள் உட்கார்ந்து மருந்து கொடுப்பவர் ஒரு கருங்குரங்கு. அவர் மருத்துவம் படித்தவர், அதனால் காட்டுப் பதிவேட்டில் அவருக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, கழுத்தில் தொங்க அட்டையும் உண்டு. வண்டியை இழுக்கிறவன் கரியமுத்து என்ற எருமைக்கடா. அவனுக்கு இதெல்லாம் ஒன்றும் கிடையாது. இழுக்கிறவனுக்கு எண் எதற்கு என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

இழுப்பதோடு அவன் வேலை முடிகிறதா என்ன? நோவில் கிடப்பவரைக் கொம்பில் அலுங்காமல் தாங்கி வண்டியில் ஏற்றுவான். மேடுபள்ளம் வந்தால், "தாயி, பள்ளம் வருது, பல்லைக் கடிச்சுக்கோ, இதோ தாண்டிட்டோம்" என்று முன்கூட்டியே சொல்வான். பதினோரு வருஷத்தில் அவன் மேல் ஒரு புகார் வந்ததில்லை. கடவுள் தனக்குக் கொடுத்த ஒரே சொத்து அதுதான் என்று நினைத்திருந்தான்.

மேற்குப் பக்கம் இன்னொரு வண்டி ஓடியது. அதை இழுத்தது ஓர் ஓநாய். பெயர் சாந்தமூர்த்தி. ஒரு நாள் காய்ச்சலோடு ஒரு முயல்குட்டி அந்த வண்டியில் ஏறியது. வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது, குட்டி போய்ச் சேரவில்லை.

"வழியிலயே சொகமாயிருச்சு, இறங்கிப் போயிருச்சு" என்றது ஓநாய், மீசையைத் துடைத்துக்கொண்டு.

காடே கொதித்துப் போனது. சிங்கராஜா உடனே சட்டம் போட்டார்: "மருந்து கொடுக்கிறவர் மட்டும் பதிவு செய்தால் போதாது. இழுக்கிறவர், தூக்குகிறவர், கூட வருகிறவர் யாரானாலும் நன்னடத்தை விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். ஆடி முதல் தேதியிலிருந்து அட்டை இல்லாதவர் நுகத்தடியைத் தொடக்கூடாது."

"நல்ல சட்டம். எப்பவோ வந்திருக்கணும்" என்றான் கரியமுத்து. மனசாரத்தான் சொன்னான். குளித்து, கொம்பில் சேறு போகத் தேய்த்து, விடியும்போதே பதிவு அலுவலகத்தில் முதல் ஆளாக நின்றான். அலுவலகம் ஓர் இலுப்பை மரம். அதிகாரி ஒரு மரங்கொத்தி அம்மாள். முத்திரை குத்துவதற்கென்றே பிறந்தவர்.

அம்மாள் அவன் படிவத்தைப் புரட்டினார். எட்டுக் கட்டம் வரை டொக் டொக்கென்று குத்திக்கொண்டே வந்தவர், ஒன்பதில் நின்றுவிட்டார்.

"ஒன்பதாம் கட்டம். உங்கள் மேல் வந்த புகார்கள், விசாரணையின் முடிவு. இதுல என்ன எழுதியிருக்க?"

"இல்லைன்னு எழுதியிருக்கேன் மேடம்."

"இல்லைங்கிறதுக்குக் கோப்பு எண் என்ன?"

"இல்லாததுக்கு ஏது மேடம் எண்ணு?"

"எண் இல்லாம நான் எதைப் பார்த்துக் குத்துறது? புகார் வரணும், விசாரிக்கணும், குற்றமில்லைன்னு முடிவாகணும். அப்பத்தான் நீ யோக்கியன்னு எழுத்துல வரும். இப்ப நீ யோக்கியனாவும் இருக்கலாம், அயோக்கியனாவும் இருக்கலாம். உன்னைப் பத்தி எங்ககிட்ட ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லையேப்பா!"

பின்னாலிருந்து ஓநாய், "கொஞ்சம் ஒதுங்குண்ணே" என்று ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டியது. நான்கு புகார், நான்கு விசாரணை. நான்கிலும் ஒரே முடிவு: சாட்சி சொல்ல யாரும் வரவில்லை, எனவே குற்றம் நிரூபணமாகவில்லை. சாட்சி எங்கே வரும்? சாட்சியெல்லாம் எப்போதோ செரித்துப் போயிற்று.

"ஆகா, கோப்புன்னா இது கோப்பு!" என்று அம்மாள் மகிழ்ந்துபோய்க் குத்தினார். ஓநாய்க்குப் பதிவு எண் ஒன்று. கரியமுத்துவுக்கு, அட்டை கிடைக்கும்வரை வண்டிப் பக்கம் வரக்கூடாது என்று கையெழுத்துப் போட்ட ஓர் ஆணை.

அன்று மாலையே கரியமுத்துவின் வண்டியும் ஓநாயிடம் போனது. அவன் குட்டை ஓரம் படுத்துக்கொண்டு, "ஆண்டவரே, நான் யாருக்கும் கெடுதல் பண்ணாதது இப்படித் தப்பாப் போச்சே" என்று முனகினான். தெரிந்தவர்களிடம் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தான். "என் மேல ஒரு சின்னப் புகார் எழுதிக் கொடேன்" என்று.

முள்ளம்பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "என் உசுரைக் காப்பாத்தினவன் மேல பொய் எழுதினா நான் விளங்குவேனா? போய்யா அங்கிட்டு!"

மூன்றாம் நாள் உச்சிவேளையில் வள்ளிக்கொடி என்ற புள்ளிமானுக்கு இடுப்புவலி கண்டது. அவளுக்கு இது மூன்றாம் பேறு. முதல் இரண்டுக்கும் கரியமுத்துதான் கொண்டுபோய்ச் சேர்த்தான். இப்போது மணிச்சத்தம் கேட்டுத் தலைதூக்கியவள் நுகத்தடியில் ஓநாயைப் பார்த்தாள்.

"ஏறு தங்கச்சி, பதிவு எண் ஒன்று" என்றது ஓநாய், அட்டையைத் தூக்கிக் காட்டி.

"நான் ஏறமாட்டேன்."

கருங்குரங்கு வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "அம்மா, குட்டி குறுக்கே கிடக்கு. ஆஸ்பத்திரி போகலைன்னா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. நான்தான் கூட வர்றேனே?"

"நீங்க மருந்து கொடுப்பீங்க, சரி. வண்டி எங்க போய் நிக்கும்னு அவன்தானே முடிவு பண்ணுவான்?"

குரங்கார் ஓநாயின் பல்லைப் பார்த்தார், தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வலி பொறுக்காமல் வள்ளிக்கொடி போட்ட கூச்சல் குட்டைக்குக் கேட்டது. கரியமுத்து ஓடி வந்து இருபதடி தள்ளி நின்றான். நுகத்தடியைத் தொட்டால் குற்றமாயிற்றே! அவனைக் கண்டதும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"மூணு நாளா எங்கய்யா போய்த் தொலைஞ்ச? வலிக்குதுன்னு கத்தினா வரமாட்டியா? மரங்கொத்தி மேடம்! இவன் மேல புகார் எழுதுங்க! கூப்பிட்டும் வரலை!"

நோயாளி சொல்கிற புகாரை நின்ற இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்பது அதே புதுச் சட்டத்தின் ஏழாவது பிரிவு. அம்மாள் இலுப்பை மரத்திலிருந்து பறந்து வந்து வண்டிக் கூரையில் உட்கார்ந்தார்.

கரியமுத்துவுக்கு நெஞ்சே உடைந்துவிட்டது. "பதினோரு வருஷம் ஒரு சொல்லு கேட்காம இருந்தேனே தாயி! நீயா என்னை?"

"எருமை, அழுகையை அப்புறம் வச்சுக்கோ. ஏன் வரலை?" என்றார் அம்மாள்.

"நீங்கதானே மேடம் வரக்கூடாதுன்னு சொன்னீங்க."

"நானா? எப்போ? எழுத்துல இருக்கா?" அம்மாள் சிறகிடுக்கில் தேடினார். இருந்தது. அவர் கையெழுத்தேதான். "சரியாப் போச்சு. வராததற்குக் காரணம் அலுவலகத்தின் ஆணை. எருமைக்கடா மேல் குற்றமில்லை." டொக். "கோப்பு எண் ஐந்து." டொக். "ஒன்பதாம் கட்டம் நிரம்பிற்று." டொக். "பதிவு எண் இரண்டு. அட்டையைப் பிடி."

கரியமுத்து அட்டையை வாயில் கவ்வியபடி தேம்பிக்கொண்டே நின்றான். "இருந்தாலும் என் பேரு கெட்டது கெட்டதுதானே?"

"அண்ணே!" என்று அலறினாள் வள்ளிக்கொடி. "உங்க பேரை நான் பத்து ஊருக்குச் சொல்றேன், முதல்ல வண்டியை இழுங்க!"

இழுத்தான். தேம்பலுக்கு நடுவிலேயே, "பள்ளம் வருது தாயி" என்றும் சொன்னான். ஆஸ்பத்திரி வாசலில் குரங்கார் இறங்கி ஓட, அரை நாழிகையில் குட்டி நேராகி, நாலு காலும் ஆட்டிக்கொண்டு வந்து விழுந்தது. கடவுளுக்கு நன்றி.

ஓநாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கோப்பு தடிமனாக இருந்ததால் அதற்குப் பதவி உயர்வு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நன்னடத்தை வகுப்பு எடுக்கிறது. வகுப்புக்குப் போகிற முயல்கள் வாசல் ஓரமாகவே உட்காருகின்றனவாம்.

காட்டில் ஒரு புதுப் பழக்கமும் வந்துவிட்டது. பிள்ளை வேலைக்குப் போகிற நாளில் அக்கம்பக்கத்தார் வெற்றிலை பாக்கோடு ஒரு புகாரும் எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்களும், "உங்க வாய்முகூர்த்தம், குற்றமில்லைன்னு முடிவாகட்டும்" என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

நீதி: யாரும் குறை சொல்லாதபடி வாழ்ந்துவிடாதே, நீ நல்லவன் என்று நிரூபிக்க ஒரு குற்றச்சாட்டாவது வேண்டும்.

ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உள்ளே படுத்திருப்பவருக்காக வேண்டிக்கொள்வீர்கள் அல்லவா, அப்போது ஓட்டுகிற பிள்ளைக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.